கோச் போகப்போகிறாராம்

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரொட்டி வாசனையோடுதான் விடியும். எங்கள் வீடு, கன்னட ஊரில் தமிழர்கள் நிறைந்த ஆஸ்டின் டவுனில், ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. கீழே அடுப்பிலிருந்து தட்டுகளை இழுக்கும்போது கிளம்பும் சூடான மணம் படிக்கட்டில் ஏறி, கதவிடுக்கில் நுழைந்து, என் போர்வைக்குள் வந்துவிடும். அப்போது நான் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். சனிக்கிழமை ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் மறுநாள் காலை கண்ணைத் திறக்க மனசே வராது. தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. அப்படியே கிடப்பேன். ஜன்னலுக்குக் கீழே பேச்சு ஆரம்பிக்கும்.

எப்போதும் ஒரே பேச்சுதான். ஃபுட்பால்.

பேக்கரி வாசலில் ஒரு மரப் பெஞ்ச் கிடந்தது. அதில் ஒரு முனையில் என் அண்ணன். மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் சின்னக் கடை வைத்திருந்தான். இன்னொரு முனையில் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த சினேகிதன், ஆட்டோ ஓட்டுகிறவன். கல்லாவில் உட்கார்ந்தபடியே பேச்சில் கலந்துகொள்ளும் பேக்கரிக்கார பாய். இவர்கள் மூவரும் எங்கள் பேட்டை டீமின் ரசிகர்கள். ரசிகர்கள் என்று சொன்னால் போதாது. "உங்க அண்ணன் என்னைக் கட்டிக்கிட்டதே ஆஃப் டைம்லதான். விசில் ஊதினதும் எழுந்து போயிட்டாரு" என்று அண்ணி என்னிடம் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அது முழுக்க விளையாட்டில்லை.

டீமில் ஆடியவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்து ஆட்கள். பெயின்டர்கள், மெக்கானிக்குகள், கறிக்கடையில் நிற்பவர்கள். கோச்சும் அப்படித்தான். ஒரு காலத்தில் இதே டீமுக்கு ஆடியவர். முழங்கால் போன பிறகு கோச் ஆனார். வாரநாட்களில் ஒரு கம்பெனி குடோனில் வேலை. காலையில் சூரியன் வருவதற்கு முன் மைதானத்துக்குப் போய்விடுவார். பேட்டை டீமுக்குக் கோச்சாக இருப்பதால் வீட்டுக்கு எதுவும் வராது. அது ஒரு வேலை என்று அவரும் நினைத்ததில்லை, நாங்களும் நினைத்ததில்லை.

ஒரு ஜனவரி மாத ஞாயிறு. வெளியே நல்ல பனி. ஆட்டோக்காரரின் குரல் அந்தப் பனிக்குள்ளிருந்து மேலே வந்தது.

"மச்சி, நம்ம கோச்சை ஃபேக்டரி கேட் கிட்ட பாத்தேன்."

"எந்த ஃபேக்டரி?" என்றான் அண்ணன்.

"எந்த ஃபேக்டரின்னு கேக்கறான் பாரு. அதே ஃபேக்டரிதான். ஷர்ட்டை இன் பண்ணி, ஷூ போட்டுகிட்டு, வாட்ச்மேன் கிட்ட பேர் எழுதிக் குடுத்துட்டு உள்ள போனாரு."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன்.

அந்த ஃபேக்டரி நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. பெரிய அரசாங்க ஃபேக்டரி. அதற்கென்று ஒரு டீம் உண்டு. அந்த டீமில் ஆடுகிறவர்களுக்கெல்லாம் அங்கேயே பர்மனென்ட் வேலை. மேட்சுக்கு அவர்களைத் தனி பஸ்ஸில் கூட்டி வருவார்கள். பிராக்டிஸ் முடிந்தால் பாலும் முட்டையும் கொடுப்பார்களாம். அந்தப் பாலையும் முட்டையையும் எங்கள் பெஞ்சால் மன்னிக்கவே முடியவில்லை. லீகில் ஒவ்வொரு வருஷமும் அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம். எப்போதோ ஒரே ஒரு முறை ஜெயித்தோம். அந்த கோலை அண்ணன் சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், உப்பு ஜாடி எல்லாவற்றையும் நகர்த்தி வைத்து அத்தனை முறை காட்டியிருக்கிறான். நானே நேரில் பார்த்ததுபோல இன்றைக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

"சும்மாயிருப்பா. வேற யாரையாச்சும் பாத்திருப்ப" என்றான் அண்ணன்.

"எனக்குக் கோச்சைத் தெரியாதா? நடக்கும்போது இடது காலை இழுப்பாரே. பனியில பாத்தாலும் தெரியும்."

"கைக்கு ரே, எதுக்கு இத்தனை டென்ஷன்?" என்றார் பாய். "ஃபேக்டரிக்குள்ள சொந்தக்காரங்க யாராச்சும் இருப்பாங்க. பாக்கப் போயிருப்பாரு."

"சொந்தக்காரங்களைப் பாக்க இன் பண்ணிட்டா போவாங்க பாய்?"

டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. ஃபேக்டரி டீமின் கோச் ரிடையர் ஆகிறாராம். அதற்கும் அடுத்த வாரம் யாரோ எதையோ சேர்த்தார்கள். ஒரு மேட்ச் முடிந்த பிறகு நம் கோச்சும் ஃபேக்டரி ஆபீஸர் ஒருவரும் ஒரே ஹோட்டலில் மசால் தோசை சாப்பிட்டார்களாம். ஆட்டோக்காரர் இரண்டு பக்கமும் பேசுவார். "நான் போவாருன்னு சொல்லல மச்சி. போனா தப்பில்லன்னு சொல்றேன். பர்மனென்ட் வேலை. யாரு வேணாம்பா?" அண்ணன் எகிறுவான். "இத்தனை வருஷம் மழையில நின்னு நம்ம பசங்களை வளத்தவரு. பாலுக்கும் முட்டைக்கும் போவாரா? அவரைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" பாய் நடுவில் பன்னை நீட்டுவார். வாயில் பன் இருக்கும்வரை கொஞ்சம் அமைதி.

இதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது ஒன்றுதான். கோச் ஒவ்வொரு ஞாயிறும் பிராக்டிஸ் முடித்து இதே பெஞ்சுக்கு டீ குடிக்க வருவார். அவருடைய இழுத்த நடை தெருமுனையில் கேட்டதும் பேச்சு அப்படியே நின்றுவிடும். "வாங்கண்ணா" என்பான் என் அண்ணன். நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அவர் ரஸ்க்கை டீயில் நனைத்துச் சாப்பிடுவார். லெஃப்ட் பேக்கின் கணுக்கால் வீக்கத்தைப் பற்றிச் சொல்வார். பனி இந்த வருஷம் அதிகம் என்பார். எழுந்து போவார். அவர் திருப்பத்தைத் தாண்டியதும் வாதம் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. வாரக்கணக்கில் கேட்கவில்லை.

அரைத்தூக்கத்தில் அந்தக் குரல்கள் என் கனவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டன. ஒரு முறை இப்படிக் கனவு கண்டேன். மைதானம் முழுக்கப் பால்போலப் பனி. அதன் நடுவே ஃபேக்டரி பஸ் சத்தமில்லாமல் போகிறது. ஜன்னலோரம் கோச். பின்னால் எங்கள் டீம் முழுவதும் ஓடுகிறது. யாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடவில்லை. வழக்கமான பிராக்டிஸ்போல, வரிசையாக, முழங்காலைத் தூக்கி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். விழித்துக்கொண்டபோது கீழே நிஜமாகவே அவர் பேர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது.

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு ஃபோன் வந்தது. அண்ணன் கடைக்காகப் பதிவு செய்து, எத்தனையோ காலம் காத்திருந்து கிடைத்தது. கடையில் வைத்தால் தூசி என்று வீட்டுக் கூடத்தில் வைத்தான். அண்ணி அதற்கு ஒரு பூ வேலை செய்த துணி போர்த்தினாள். கொஞ்ச நாளிலேயே அது எங்கள் ஃபோனாக இல்லாமல் தெருவின் ஃபோனாகிவிட்டது. எல்லோரும் எங்கள் நம்பரை பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தார்கள். கால் வந்தால் நாங்கள் போய் அழைத்து வருவோம். பின்சந்தில் குடியிருந்த கோச்சும் கொடுத்திருந்தார் என்பது எனக்கு ஒரு வாரநாள் காலையில்தான் தெரிந்தது.

வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மணி அடித்தது. கன்னடத்தில் ஒரு கனமான குரல், கோச்சின் பேரைச் சொல்லி, கூப்பிட முடியுமா என்று கேட்டது.

"எல்லிந்த சார்?" என்றேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்பது எங்கள் தொழில் பழக்கம்.

அவர் ஃபேக்டரியின் பேரைச் சொன்னார். ஸ்போர்ட்ஸ் ஆபீஸராம்.

எத்தனையோ பேருடைய ஃபோன் கால்களை இணைத்துக் கொடுத்தவள் நான். அன்றைக்கு 'லைன்ல இருங்க' என்று சொல்லக்கூட மறந்து ரிசீவரைத் துணிமேல் வைத்தேன். பின்சந்துக்கு ஓடினேன். கோச் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவர் மனைவி தெருக்குழாயில் வரிசையில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குடத்தை அப்படியே பக்கத்து அம்மாவிடம் விட்டுவிட்டு, சொருகிய சேலையை இறக்கக்கூட மறந்து என்னோடு வந்தார்.

ஈரக் கையால் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "ஹௌது சார், ஆமா சார்... வேலைக்குப் போயிருக்காரு சார்... சொல்றேன் சார்." மறுமுனை வைக்கப்போகிறது என்று தோன்றியதும் அவசரமாக ஒரு கேள்வி கேட்டார். "சார், குவார்ட்டர்ஸ் நிச்சயமா உண்டா சார்?"

பதில் என்னவோ, முகம் தெளிந்தது. ஃபோனை வைத்த பிறகும் போகவில்லை. நான் காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஜன்னலோரத்தில் தரையில் உட்கார்ந்தார். அவரை நான் அதற்கு முன் தண்ணீர்க் குடம் இல்லாமல் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றார்.

"சொல்ல மாட்டேன்க்கா. காதுல விழுந்தது வாய்க்கு வரக்கூடாது. எங்க வேலையே அதுதான்."

"அவரு இன்னும் சரின்னு சொல்லல. கேட்டா, இந்த வருஷம் பசங்க நல்லா ஆடறாங்க, சீசன் முடியட்டும்ங்கறாரு. கல்யாணம் ஆனதுல இருந்து ஒவ்வொரு வருஷமும் பசங்க இந்த வருஷம் நல்லா ஆடறாங்க." காபியை ஒரு வாய் குடித்தார். "ஒரு மேட்சுகூட நான் பாத்ததில்ல, தெரியுமா? அந்த நேரத்துலதான் கொழாயில தண்ணி வரும்."

பிறகு அவருடைய குரல் மாறியது. எதிரே இல்லாத ஒன்றைப் பார்க்கிறவரின் குரல். "அந்தக் குவார்ட்டர்ஸ்ல வீட்டுக்குள்ளயே கொழா இருக்காம். ஜன்னலுக்கு வெளிய ஒரு கொய்யா மரமாம். நான் பாக்கல. அவரு பாத்துட்டு வந்து சொன்னாரு. இப்பல்லாம் தூங்கும்போது கொழா தொறந்து விட்டாப்பல சத்தம் கேக்குதும்மா. எழுந்து பாத்தா ஒண்ணுமில்ல."

வெளியே பேக்கரியின் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. அந்தக் கொய்யா மரம் எங்கள் கூடத்துக்குள்ளேயே நிற்பதுபோல எனக்கு இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பெஞ்சுப் பேச்சைக் கேட்பது பழையபடி இல்லை. அண்ணன் கீழே கத்தும்போதெல்லாம் மேலே நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். "எழுதி வெச்சுக்கோ, அவரு போவமாட்டாரு." அவன் நம்பிக்கை அவ்வளவு முழுசாக இருந்தது. அதற்காகவே கோச் போகக்கூடாது என்று ஒரு நாள் நினைப்பேன். தெருக்குழாயைத் தாண்டிப் போகும்போது போகட்டும் என்று நினைப்பேன்.

பிப்ரவரி முடிவில் சாலை மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் ரோஸ் நிறப் பூவாக நின்றன. அண்ணனுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகக் கூடத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். பெஞ்சுக்குப் போக முடியவில்லையே என்று காதை மட்டும் ஜன்னலுக்குக் கொடுத்திருந்தான். கீழே நல்ல கூட்டம். ஆட்டோக்காரர் யாரிடமோ உரக்க வாதிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று எல்லாம் அடங்கியது. கோச் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

அப்போது ஃபோன் அடித்தது. நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் அண்ணன் கையை நீட்டி எடுத்துவிட்டான்.

"ஹலோ... ஆமா... யாரு பேசறது?"

கதவருகே நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலில் சிவந்திருந்த முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "இருங்க சார், கூப்பிடறேன்" என்றான். கம்பளியோடு எழுந்து பால்கனிக்குப் போனான். கீழே அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"அண்ணா, உங்களுக்கு ஃபோன்."

"யாரு மச்சி?" இது ஆட்டோக்காரர். கோச் கேட்பதற்கு முன்பே கேட்டுவிட்டார். கூட்டம் முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் கம்பிமேல் கையை ஊன்றி நின்றான். காற்றில் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. "ஊர்ல இருந்துப்பா. அண்ணாவோட சொந்தக்காரங்க" என்றான்.

கோச் படியேறி வந்தார். இழுத்த கால் ஒவ்வொரு படியிலும் கேட்டது. ரிசீவரை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று பேசினார். "ஹௌது சார்... வீட்டுல கேட்டேன் சார். இந்த வாரம் சொல்லிடறேன் சார்." வைத்துவிட்டு அந்தப் பூத்துணியைச் சரிசெய்தார். ரொம்ப நேரம் சரிசெய்தார்.

"யாரு பேசுனாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றார் திரும்பாமலே.

"நான்தானேண்ணா எடுத்தேன்."

"கீழ சொந்தக்காரங்கன்னு சொன்ன."

"ஆமாண்ணா."

கோச் திரும்பி, அண்ணனுடைய படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா. வாரக்கணக்கா நான் வந்தா வாயை மூடிக்கறீங்க. எவனாச்சும் கேக்க மாட்டானான்னு ஒவ்வொரு வாரமும் வந்து உக்காந்திருந்தேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"தெரியாது. கேட்டிருந்தா வாயில இன்னா வருதுன்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

நான் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன். என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை.

"போகணும்னு இருக்காண்ணா?" என்றான் அண்ணன்.

"வீட்டுல அவளுக்குப் போகணும். எனக்குத்தான்..." நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "காலைல கிரவுண்டுக்கு வந்து பசங்களைப் பாத்தா போக வேணாம்னு இருக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா போகணும்னு இருக்கு. தெனம் இதேதான்."

காய்ச்சலில் அண்ணனுக்கு மூச்சு சூடாக வந்துகொண்டிருந்தது. என் அண்ணனை எனக்குத் தெரியும். ஆஃப் சைடா இல்லையா என்று இரண்டு நாள் தொடர்ந்து வாதாடக்கூடியவன். அவன் வாயைத் திறந்தால் மழை, மைதானம், பசங்க, துரோகம் என்று கொட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"அப்போ சாயங்காலமா முடிவு பண்ணுங்கண்ணா" என்றான்.

கோச் அவனையே பார்த்தார். பிறகு கம்பளியை அவன் தோள்வரை இழுத்துவிட்டு, காபியைக் குடித்து முடித்து இறங்கிப் போனார். கீழே பெஞ்சில் யாரோ "ஊர்ல எல்லாரும் சௌக்கியமாண்ணா?" என்று கேட்டார்கள். "சௌக்கியம், சௌக்கியம்" என்ற அவர் குரல் தெருவில் தேய்ந்து போனது.

சீசன் முடிந்த அன்று மைதானத்திலேயே எல்லோரையும் உட்கார வைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். பசங்களில் இரண்டு பேர் அழுதார்களாம். பாய் அன்றைக்கு யார் கேட்டதற்கும் சரியாகப் பதில் சொல்லாமல் பிஸ்கட் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் எல்லோரையும்விட அதிகமாகக் கோபப்பட்டது ஆட்டோக்காரர்தான். பெஞ்சைக் குத்திக் குத்திக் கத்தினார்.

"போனா தப்பில்லன்னு நீதானேடா சொன்ன?" என்றான் அண்ணன்.

"போவமாட்டாருன்னு நெனச்சுத்தான்டா அப்படிச் சொன்னேன்!"

அந்த அளவுக்குக் கோபப்பட்டவர்தான், வீடு மாற்றும் நாளில் காலையிலேயே பின்சந்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். யாரும் கூப்பிடவில்லை. பாத்திரமும் படுக்கையும் ஏற்றி, நடுவில் கோச்சின் மனைவியை உட்காரவைத்துப் போய்வந்தார். போகும்போதும் வரும்போதும் கோச்சிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்து நானும் அண்ணியும் ஒரு நாள் அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், அகலமான சாலை, ஆள் நடமாட்டமே இல்லாத மதியம். கொய்யா மரம் நிஜமாகவே இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே. கிளை மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. "அவரு சொன்னதுல பாதி நெசம்" என்று கோச் வீட்டு அக்கா சிரித்தார். எங்களுக்குக் காட்டுவதற்காகக் குழாயைத் திறந்துவிட்டார். மூன்று பெண்கள் நின்று தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் மூடச் சொல்லவில்லை. அந்த மதியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தண்ணீரின் சத்தம்தான் முதலில் வருகிறது, முகங்கள் பிறகுதான்.

அடுத்த சீசனில் ஃபேக்டரி டீம் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. அண்ணன் போகமாட்டேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். விசிலுக்கு முன்பே போய் நின்றுவிட்டான். நான் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். அங்கிருந்து பாதி மைதானம்தான் தெரியும். ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் மறு பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து கோல் எனக்குச் சத்தமாக மட்டுமே தெரியும். ஃபேக்டரிக்காரர்களின் நாற்காலிகள் என் பக்கத்தில். நீல டிராக் சூட்டில் கோச் கோட்டோரம் நின்றார். புது உடையில் அவர் யாரோ மாதிரி இருந்தார், கால் இழுக்கும்வரை.

சாயங்கால வெயில் சாய்ந்து, மைதானத்தின் புழுதி பொன்னிறமாக மிதந்துகொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் அதற்குள் நீந்துவதுபோல இருந்தது. பந்து மரத்துக்குப் பின்னால் போனது. நான் கோச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய இரண்டு கைகளும் எழுந்தன. மார்புக்கு நேரே, தட்டுவதற்குத் தயாராக, விரல்கள் விரிந்து. அங்கேயே நின்றன. பிறகு ஒரு கை தலைமுடியைக் கோதப் போனது, இன்னொன்று பாக்கெட்டுக்குள் போனது. அதற்குப் பிறகுதான் கூட்டத்தின் சத்தம் என்னை வந்தடைந்தது. கோல் அடித்தது எங்கள் டீம். எனக்கு அது அவர் கைகளைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

கடைசியில் ஜெயித்தது ஃபேக்டரிதான். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு கோல் அடித்தார்கள். ஆனால் அன்றைக்கு யாருக்கும் தோல்வி நினைவில்லை. கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போது அண்ணன் நேராக அந்த நீல டிராக் சூட்டை நோக்கி நடந்தான். எல்லோரும் பார்த்தார்கள். இருவரும் கோட்டோரமாகவே சேர்ந்து நடந்தார்கள். அண்ணன் இடது பக்கம் கையை நீட்டி எதையோ காட்டினான், கோச் தலையை ஆட்டி மறுத்தார், நின்றார்கள், மறுபடி நடந்தார்கள். புழுதிக்குள் இரண்டு உருவங்கள். பஸ் ஹாரன் அடித்தும் போகவில்லை.

"என்ன பேசினீங்க?" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"நம்ம லெஃப்ட் சைடு தூங்குதாம். அது எங்களுக்கே தெரியும்னேன்" என்றான். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான். அவ்வளவுதான்.

பெஞ்சுக்கு ஒரு புதிய வாதம் கிடைத்தது. கோச் அன்றைக்குக் கை தட்டினாரா, இல்லையா? ஆட்டோக்காரர், தட்டவில்லை, முடியைக் கோதினார் என்றார். பாய், பாதி தட்டினார் என்றார். பாதி தட்டுவது என்றால் என்ன என்று ஒரு கிளை வாதம். நான் பார்த்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆகி லிங்கராஜபுரத்துக்குப் போய்விட்டேன். மீதியெல்லாம் அண்ணன் ஃபோனில் சொன்னதுதான். எங்கள் டீம் ஒரு டிவிஷன் கீழே இறங்கி, பிறகு மெல்ல ஏறியது. கோச் அந்த ஃபேக்டரியிலேயே ரிடையர் ஆகும்வரை இருந்தார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்தாராம். இந்த முறை யாரும் வாயை மூடவில்லை. அவரை நடுவில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி வாதாடினார்களாம். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "சொல்லுங்க ஜி, அன்னிக்குத் தட்டுனீங்களா இல்லையா?" என்று நேராகவே கேட்டுவிட்டாராம்.

"அதுக்கு என்ன சொன்னாரு?" என்றேன்.

ஃபோனின் மறுமுனையில் அண்ணன் சிரித்தான்.

"'கோலு நல்ல கோலுப்பா'ன்னாரு."